யாருக்காக எழுதப்பட்டது இந்தக் கேட்டலாக்?

நம் இலக்கியக் கூட்டங்களில் வாசகனைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது. வாசகன் எங்கே, ஏன் வரவில்லை, அவனுக்காக இறங்கி எழுதலாமா, கூடாதா. பேசட்டும், நல்லதுதான். ஆனால் இந்த நாட்டில் வேறு வழியே இல்லாமல் தினமும் வாசிக்கப்படுகிற ஒரு வகை எழுத்து இருக்கிறது. அதை யாரும் எழுத்து என்று மதிப்பதில்லை. அதனால் யாரும் விமர்சிப்பதும் இல்லை. விமர்சனமே இல்லாத எழுத்துக்கு என்ன கதி ஆகுமோ, அதற்கும் அதே கதிதான் ஆகியிருக்கிறது. கட்டடக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை விற்கிற நிறுவனங்களின் இணையக் கேட்டலாக்கைத்தான் சொல்கிறேன்.

சிரிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் கடைசியாகப் போன நூல் வெளியீட்டை நினைத்துப் பாருங்கள். மண்டபத்தில் முன்வரிசைக்காரர்கள் குளிரில் நடுங்கியிருப்பார்கள், பின்வரிசைக்காரர்கள் அழைப்பிதழை விசிறியாக்கியிருப்பார்கள். 'ஏர்கோன் சரியில்ல' என்று சொல்லிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். ஏர்கோன் சரியாகத்தான் இருந்திருக்கும். சில்லரிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பைப்பில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அந்தப் பைப்பில் ஒரு வால்வு, வால்வின் தலையில் அதைத் திருப்பும் ஆக்சுவேட்டர், டக்ட்டுக்குள் வெப்பத்தை அளக்கும் சென்சார், இவற்றுக்கு உத்தரவு போடும் கண்ட்ரோலர். இந்த நாலில் ஒன்று கெட்டுப் போயிருக்கும், அல்லது ஒன்றுக்குப் பதில் இன்னொன்று மாட்டப்பட்டிருக்கும். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஏன் தப்பானது மாட்டப்படுகிறது என்று தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கேட்டலாக் பக்கத்தில் போய் நிற்கும்.

அந்தப் பக்கத்தைத் திறப்போம். கண்ணாடிக் கட்டடம் ஒன்று, பின்னால் சூரிய உதயம். கீழே நான்கு கட்டங்கள்: மருத்துவமனை, ஹோட்டல், அலுவலகம், தரவு மையம். உங்கள் துறையைத் தேர்ந்தெடுங்கள் என்கிறது. எனக்கு என்ன துறை? சீலிங்கைத் திறந்து ஏணியில் நிற்கிறவன் நான். என் கையில் இருக்கிற செத்துப்போன மோட்டார் மருத்துவமனையிலும் இதேதான், ஹோட்டலிலும் இதேதான். சரி, ஏதோ ஒன்றை அமுக்கி உள்ளே போனால் அடுத்த கேள்வி: எந்தத் தயாரிப்புக் குடும்பம்? அங்கே பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். எல்லாம் விளம்பர இலாகா உட்கார்ந்து யோசித்து வைத்தவை. கிரேக்கத் தெய்வம் மாதிரி ஒன்று, மருந்துக்கடை மாத்திரை மாதிரி ஒன்று. ஆளைத் தேடி வந்தவனிடம் முதலில் குலம் கோத்திரம் கேட்கிற வீடு இது.

இதே சாதனத்தைத் தேடி வருகிறவனுக்கு என்ன தெரியும் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா? அவனுக்குப் பைப்பின் அளவு தெரியும். இரண்டு வயரா மூன்று வயரா நாலு வயரா என்று தெரியும். 24 வோல்ட்டா 240 வோல்ட்டா என்று தெரியும், தெரியாமல் தொட்டிருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டான். மின்சாரம் போனால் அது தானாக மூடிக்கொள்ளுமா என்று தெரியும். லேபல் ஈரத்தில் ஊறிப் பாதி எழுத்து அழிந்திருக்கும். இந்த அறிவில் ஒன்றையாவது கேட்டலாக் முதலில் கேட்கிறதா என்றால் இல்லை. அது கற்பனை செய்து வைத்திருக்கும் வாசகன் புதிய கோபுரம் கட்டுகிறவன். கன்சல்டண்ட் அறையில் உட்கார்ந்து டெண்டர் ஸ்பெக் எழுதுகிறவன். பழைய கட்டடத்தைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்கிற ஆள்களும் அதைத் திறப்பார்கள் என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

இந்தத் துறையே முட்டாள்தனமானது என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குள் அழகான மொழி ஒன்று இருக்கிறது. பெலிமோ என்கிற சுவிஸ் நிறுவனத்தின் டேம்பர் ஆக்சுவேட்டர் ஒன்றின் பெயர் எல்எம்24ஏ-எஸ்ஆர். முதலில் பார்த்தால் காடி நம்பர் பிளேட் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு வாக்கியம். எல்எம் என்றால் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. எல் இருக்கிற இடத்தில் என் வந்தால் 10. எஸ் வந்தால் 20. ஜி வந்தால் 40. 24 என்பது வோல்ட். கடைசியில் எஸ்ஆர் ஒட்டியிருந்தால் அது சும்மா திறந்து மூடுகிற ரகம் இல்லை. 2 முதல் 10 வோல்ட் வரை வருகிற சிக்னலுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். இரண்டாவது எழுத்து எம்முக்குப் பதில் எஃப் ஆனால் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, மின்சாரம் போனாலும் தானே திரும்பிப் பழைய இடத்துக்குப் போய்விடும். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புரிய ஐந்து நிமிடம் போதும். பகுதி, இடைநிலை, விகுதி. புரிந்துவிட்டால் பிறகு ஆயிரம் பொருளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியதை நீங்களே எழுதலாம்.

இந்த இலக்கணத்தை எத்தனை நிறுவனங்கள் பொருளின் பக்கத்திலேயே போட்டிருக்கின்றன? விரல்விட்டு எண்ணலாம். மற்ற இடங்களில் பொருளின் பெயர் ஒரு மந்திரம். அதன் விளக்கம் நாற்பது பக்க பிடிஎஃப்பின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கும், அல்லது விற்பனையாளரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கும். பெயர் வைக்கிற விதியை மறைத்துவிட்டால் ஒவ்வொரு பெயரையும் அவனிடமே கேட்டு வாங்க வேண்டும். இலக்கணம் சொல்லித் தராமல் மனப்பாடச் செய்யுள் மட்டும் கொடுத்த வாத்தியார்களை நமக்குத் தெரியும். அவர்கள் சோம்பேறிகள். இவர்கள் சோம்பேறிகள் இல்லை.

இதெல்லாம் சும்மா எரிச்சல், பெரிய பிரச்சினை இல்லை என்று சொல்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. வெப்பம் அளக்க அதிகம் பயன்படுவது தெர்மிஸ்டர் என்கிற சின்னப் பொட்டு. வெப்பம் மாறினால் அதன் மின்தடை மாறும். சந்தையில் '10கே' என்று ஒரு வகை இருக்கிறது: 25 டிகிரியில் சரியாக 10,000 ஓம். கேட்டலாக்கின் வடிகட்டியில் 10கே என்று டிக் போட்டால் ஒரு வரிசை வரும். ஆனால் 10கேயில் டைப் 2, டைப் 3 என்று இரண்டு உண்டு. 25 டிகிரியில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கடையில் மேசைமேல் வைத்து மீட்டரில் பார்த்தால் ஒரே எண்தான் காட்டும், ஏனென்றால் கடையில் ஏர்கோன் ஓடுகிறது. 0 டிகிரிக்குப் போனால் ஒன்று 32,650 ஓம், மற்றது 29,490 ஓம். நம் ஊர்க் கட்டடங்களில் சில்லர் தண்ணீர் ஏறக்குறைய 7 டிகிரியில் வரும். கண்ட்ரோலரில் டைப் 3 என்று அமைத்துவிட்டு டைப் 2 சென்சாரை மாட்டினால், 7 டிகிரித் தண்ணீரை ஏறத்தாழ ஐந்தரை என்று காட்டும்.

ஒன்றரை டிகிரிதானே? அந்த ஒன்றரையை நம்பி, தண்ணீர் அளவுக்கு மேல் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து சில்லர் அடங்கும். உண்மையில் தண்ணீர் எட்டு டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். மேல்மாடியில் புழுக்கம். புகார் வரும். கட்டட மேலாளர் இரண்டாவது சில்லரையும் ஓட்டச் சொல்வார். மாதக் கடைசியில் தெனாகா பில்லைப் பார்த்து நிர்வாகம் முகம் சுளிக்கும். ஒரு கமிட்டி போடுவார்கள். கமிட்டி ஏற்பாடு செய்யும் விழிப்புணர்வுப் பட்டறையில் விளக்கை அணையுங்கள் என்று போஸ்டர் ஒட்டுவார்கள். சென்சார் அங்கேயே சிரித்துக்கொண்டு இருக்கும். இவ்வளவுக்கும் காரணம், வடிகட்டியில் 'டைப்' என்ற ஒரு கட்டம் இல்லாதது.

இன்னொரு சென்சார் இருக்கிறது, நிக்கல் 1000. இதிலும் இரண்டு உண்டு. 0 டிகிரியில் இரண்டும் 1000 ஓம், அதற்குமேல் வேறு வேறு சரிவில் ஏறும். ஒன்று ஜெர்மன் தரத்தின்படி. மற்றதற்கு 'எல்ஜி-நிக்கல்' என்று பெயர். ஃபிரிட்ஜ் செய்கிற கொரியாக்காரன் இல்லை. லாண்டிஸ் அண்ட் கீர் என்கிற பழைய சுவிஸ் நிறுவனம். அவர்களுடைய கட்டடப் பிரிவு, ஸ்டேஃபா என்ற இன்னொன்றோடு சேர்ந்து, 1990களின் கடைசியில் சீமென்ஸுக்குள் போய்விட்டது. நிறுவனத்தின் பெயர் அந்தத் துறையிலிருந்து மறைந்துவிட்டது, ஆனால் அதன் இனிஷியல் ஒரு மின்தடைக் கோட்டின் பெயராக இன்னும் சீலிங்குகளுக்குள் உயிரோடு இருக்கிறது. இதேபோல ஷ்னைடர் எலெக்ட்ரிக் 2003இல் ஸ்வீடனின் டிஏசியை வாங்கியது, அடுத்த வருடம் அமெரிக்காவின் ஆண்டோவரை வாங்கியது, 2005இல் இன்வென்சிஸின் கட்டடப் பிரிவை வாங்கியது, அதோடு சாட்ச்வெல் என்ற பழைய பிரிட்டிஷ் பெயரும் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சென்சார் கோடு. டிஏசிக்கு 1.8 கிலோ ஓம். சாட்ச்வெல்லுக்கு அதற்கென்று ஒன்று.

எனக்கு இதைப் படிக்கப் பிடிக்கும், மறைக்கவில்லை. அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கு பார்க்கிற மாதிரி. ஆனால் கேட்டலாக் எழுதுகிறவர்கள் இந்த வரலாற்றை எப்படி நடத்துகிறார்கள்? புதிய முதலாளியின் லோகோவை எல்லாவற்றின் மேலும் ஒட்டுகிறார்கள். பழைய பெயரைத் தேடினால் 'உங்கள் தேடலுக்கு முடிவுகள் இல்லை' என்று வரும். சில மாதம் கழித்துப் பழைய பொருளின் பக்கமே காணாமல் போகும். பொருள் உற்பத்தி நின்றது வேறு, அது இருந்ததற்கான சாட்சியையே அழிப்பது வேறு. நம் தோட்டங்களின் பெயர்கள் வீடமைப்புத் திட்டங்களின் பெயர்களுக்கு அடியில் காணாமல் போன கதை நமக்குத் தெரியும். முகவரி மாறியதும் பழைய மனிதர்களைத் தேடிப் போக வழி இல்லாமல் போனது. அதே வேலைதான் இங்கேயும், சின்ன அளவில்.

ஒரு கட்டடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிற சார்ஜ்மேன் ஒருவரைத் தெரியும். எழுத்தில் கெட்டி இல்லை. தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் மீடியம், அப்புறம் வேலையில் கற்றது. கை வைத்தால் எந்த வால்வு உள்ளே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருநாள் ஒரு கண்ட்ரோலரின் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, இதே மாரி ஒன்னு எங்க கெடைக்கும் பாத்து சொல்லுப்பா. வெண்டார்கிட்ட கேட்டேன், தாக் அடாங்கிறான்."

"மொத்தமா இல்லயாண்ணே, இல்ல ஸ்டாக் இல்லயா?"

"அதச் சொல்ல மாட்றான். முழு சிஸ்டமும் மாத்தணுமாம். கோத்தேஷன் குடுத்துட்டான்."

கோத்தேஷனை நான் பார்த்தேன். ஒற்றைப் பெட்டி செத்ததற்கு ஆறு மாடிக்கும் புதிய கண்ட்ரோலர், புதிய மென்பொருள், வருடாந்தர லைசென்ஸ். நிறுவனத்தின் இணையக் கேட்டலாக்கில் அந்தப் பெட்டியின் எண்ணைப் போட்டேன், முடிவுகள் இல்லை. வேறொரு நாட்டுத் தளத்தில் அதே நிறுவனத்தின் பழைய பிடிஎஃப் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது: இந்தப் பெட்டிக்கு மாற்றாக இன்ன எண், அதே வயரிங், அதே மென்பொருளில் வேலை செய்யும். மாற்றுப் பெட்டி சந்தையில் இருந்தது. நம் நாட்டுத் தளத்தில் மட்டும் அந்த ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாததன் விலை ஆறு மாடி.

வேண்டுமென்றே எடுத்தார்களா, தளத்தைப் புதுப்பிக்கும்போது விழுந்துவிட்டதா? எனக்கு அந்தக் கேள்வியிலேயே ஆர்வம் இல்லை. விழுந்தது யாருக்கு லாபமோ அவர் குனிந்து எடுக்கப் போவதில்லை. 'தவறுதலாக' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை கோத்தேஷன்கள் ஒளிந்துகொள்கின்றன!

அந்த அண்ணனுக்கு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. மேலாளர் முன்னால் அவர் 'விஷயம் தெரியாத ஆள்' ஆகிவிட்டார். வால்வைத் தொட்டுச் சொல்கிற அறிவு அறிவே இல்லை, தேடல் பெட்டியில் சரியான சொல்லைத் தட்டத் தெரிவதுதான் அறிவு என்று ஒரு பிடிஎஃப் இல்லாமை தீர்ப்பு எழுதிவிட்டது.

இந்தத் துறையில் இதற்கு முன்னாலும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. 1980களில் ஒவ்வொரு நிறுவனத்தின் கண்ட்ரோலரும் தனித்தனி மொழி பேசியது. ஒருவனிடம் வாங்கினால் கட்டடம் இடிகிற வரைக்கும் அவனிடமே வாங்க வேண்டும். இதை உடைக்க 1987இல் அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்புக்குள் ஒரு குழு உட்கார்ந்தது. எட்டு வருட வாக்குவாதத்துக்குப் பிறகு 1995இல் பேக்நெட் என்ற பொதுமொழி வெளியானது. 2003இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. இதன்படி எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தின் பெட்டியோடும் பேசலாம். ஒவ்வொரு பெட்டியும் தனக்கு இந்த மொழி எவ்வளவு தெரியும் என்பதை 'பிக்ஸ்' எனும் அறிக்கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தத் தகவலைக் கொடுக்கும், எதை ஏற்கும், நேர அட்டவணை தெரியுமா, எச்சரிக்கை அனுப்பத் தெரியுமா, எல்லாம். நேர்மையான ஆவணம் அது. தனக்கு எது தெரியாது என்று சொல்லச் சட்டமே கட்டாயப்படுத்துகிற எழுத்து வேறு எங்கே இருக்கிறது? நம் கவிதைத் தொகுப்புகளுக்கும் ஒன்று வைக்கலாம்.

வயரில் இருந்த பூட்டு அப்படி உடைந்தது. இப்போது அதே பூட்டைக் கேட்டலாக்கில் மாட்டியிருக்கிறார்கள். பெட்டி பேக்நெட் பேசும், பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பிக்ஸ் ஆவணம் எங்கே என்று கேட்டால் லாகின் செய்யச் சொல்லும். லாகின் வேண்டுமென்றால் பார்ட்னர் ஆக வேண்டும். பார்ட்னர் ஆக எஸ்எஸ்எம் பதிவு எண், கடந்த வருட விற்பனை, உங்களைப் பரிந்துரைப்பவர் யார். கட்டடத்தைச் சொந்தமாக வைத்திருப்பவனுக்கே அவன் கட்டடத்தில் இருக்கிற பெட்டியின் ஆவணம் கிடையாது. பேசுகிற உரிமை திறந்திருக்கிறது, பேசுவதற்கு வேண்டிய அகராதி அலமாரிக்குள் இருக்கிறது.

இதை நான் அலுவலகத்தில் சொன்னால் நாலு பதில் வரும். முதல் பதில், இது நிபுணர்களுக்கான எழுத்து, எல்லாருக்கும் புரிய வேண்டியதில்லை. நான் நிபுணன்தான், உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன், எனக்கே அரைநாள் ஆகிறது. நிபுணர்களுக்கான எழுத்து என்றால் செறிவாக இருக்க வேண்டும், சுற்றிவிடுவதாக இருக்கக் கூடாது. இரண்டாவது பதில், பாதுகாப்பு. தப்பான ஆள் கையில் ஆவணம் போனால் ஆபத்தாம். ஆபத்து அந்தப் பக்கம் இல்லை. தீ வந்தால் தானாக மூட வேண்டிய டேம்பரில் ஸ்பிரிங் இல்லாத ஆக்சுவேட்டரை ஒருவன் மாட்டுகிறான் என்றால், அவனுக்கு ஆவணம் கிடைத்ததால் அல்ல, கிடைக்காததால்தான் மாட்டுகிறான். பார்க்க இரண்டும் ஒரே பெட்டி மாதிரிதான் இருக்கும், ஓட்டைகளும் பொருந்திவிடலாம்.

மூன்றாவது, விலை. ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் விலை மாறும், அதனால் போட முடியாது. மாறட்டுமே, பட்டியல் விலையைப் போட்டுவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பாசார் மாலாமில் மீன் விற்கிற அக்காகூட விலை எழுதி வைத்துவிட்டுத்தான் பேரம் பேசுகிறார்.

நாலாவதுதான் இப்போதைய ஃபேஷன்: ஏஐ-யிடம் கேள், அது தேடிக் கொடுக்கும். டேட்டாஷீட்டே பூட்டுக்குள் இருக்கும்போது ஏஐ எதைப் படித்துச் சொல்லும்? அது சொல்லும், தயங்காமல் சொல்லும். இலக்கணத்துக்குப் பொருந்துகிற, ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத ஒரு எண்ணை எனக்கு இரண்டு முறை கொடுத்திருக்கிறது. கெட்ட கேட்டலாக்குக்கு மருந்து நல்ல கேட்டலாக்தான்.

அதைச் செய்யவே முடியாது என்பதும் பொய். சீமென்ஸின் ஹிட் எனும் இணையக் கருவியில் பழைய எண்ணைக் கொடுத்தால் புதியதைக் காட்டுகிற பகுதி ஒன்று இருக்கிறது. பெலிமோ தளத்தில் டேட்டாஷீட்டைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது, மனசுதான் எல்லாருக்கும் இல்லை.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒருவரைக் கூப்பிடுகிறேன். சீர்காழியில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர்: எஸ். ஆர். ரங்கநாதன். நூலகவியல் கற்க லண்டன் போனபோது செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். துளையிட்ட இரும்புத் துண்டுகள், திருகாணிகள். அதே துண்டுகளை வைத்துப் பாலமும் செய்யலாம், கிரேனும் செய்யலாம். புத்தகங்களையும் இப்படித்தான் அடுக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் தள்ளாமல், அது எதைப் பற்றியது, என்ன பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று பல முகங்களாகப் பிரித்து, பிறகு சேர்ப்பது. 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அதுதான். இன்று ஷாப்பியில் சட்டை வாங்கும்போது இடதுபக்கம் அளவு, நிறம், விலை என்று டிக் போடுகிறீர்களே, அந்த யோசனையின் மூதாதை அவர். இணையத் தளம் செய்கிறவர்கள் அதை இன்றும் ஃபேசட் என்கிறார்கள். நூலகத் துறையில் அந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் ரங்கநாதன். எல்எம்24ஏ-எஸ்ஆர் என்ற பெயர்கூட, யோசித்துப் பார்த்தால், மெக்கானோதான்.

அவர் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நாலாவது, வாசகனின் நேரத்தைப் பற்றியது. அதை வீணாக்கக் கூடாது என்பது. கேட்டலாக் தளங்கள் ரங்கநாதனின் வடிகட்டியை எடுத்துக்கொண்டன, அவருடைய வாசகனை வாசலிலேயே விட்டுவிட்டன. முகங்களைத் தேடுகிறவனின் பக்கத்திலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் முழு விஷயமும். 'தயாரிப்புக் குடும்பம்' என்பது தேடுகிறவனின் முகம் இல்லை, விற்கிறவனின் கிடங்கில் இருக்கிற ரேக் நம்பர்.

கேட்டலாக்கைத் தமிழாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே யாராவது கலைச்சொல் குழு அமைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சொல்கிறேன். ஆக்சுவேட்டரை 'இயக்கி' என்பார்கள். கணினிக்காரர்கள் டிரைவருக்கு ஏற்கனவே அதை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சார்ஜ்மேன் அண்ணனுக்கு ஆக்சுவேட்டர் என்ற சொல் புரியாமல் இல்லை, அவர் அதைக் கழற்றி மாட்டிச் சாப்பிடுகிறவர். அவரைத் தடுத்தது மொழி இல்லை, வரிசை. ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். முதல் கேள்வி அவர் கையில் இருக்கிற பொருளைப் பற்றியதாக இருக்கட்டும்.

இதில் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், அதாவது சட்டம் 861, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெரிய கட்டடங்கள் தாங்கள் எவ்வளவு மின்சாரம் தின்கின்றன என்று இனி கணக்குக் காட்ட வேண்டும். நல்ல சட்டம். அதன் கூடவே கட்டடங்கள் எல்லாம் 'ஸ்மார்ட்' ஆகிக்கொண்டிருக்கின்றன, விற்பனையாளர்களுக்குத் தீபாவளி. இந்த ஸ்மார்ட் பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாகச் சாகும். அப்போது நம் கையில் இருக்கப் போவது ஒரு தேடல் பெட்டி. இப்போதே சட்டத்திலோ டெண்டர் நிபந்தனையிலோ ஒரு வரி சேர்க்கலாம்: இந்த நாட்டில் விற்ற பொருளின் பக்கத்தை, அதன் மாற்று எண்ணோடு, கட்டடத்தில் அது இருக்கிற காலம் வரைக்கும் லாகின் இல்லாமல் திறந்து வைக்க வேண்டும். குறைந்தது அரசாங்கக் கட்டடங்களுக்காவது. டெண்டர் ஸ்பெக் எழுதுகிறவர்களில் நம் பையன்களும் பெண்களும் இருக்கிறார்கள், இதை வாசிப்பவர்களிலேயே சிலர் இருப்பீர்கள். நகல் எடுத்து ஒட்டுகிற ஸ்பெக்கில் இந்த ஒரு வரியைத் தட்ட ஒரு நிமிடம் ஆகாது.

இலக்கியப் பக்கத்தில் எதற்கு இது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: ஒரு எழுத்து யாரைப் பார்த்துப் பேசுகிறது, யாரைப் பார்க்காத மாதிரி நடிக்கிறது என்று கண்டுபிடிக்கிற பழக்கம் எனக்கு வந்தது பொறியியல் வகுப்பில் இல்லை. சிறுகதை வாசித்துத்தான் வந்தது. பழக்கத்தைக் கதைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நம்மை வேலையிடத்தில் அடக்குகிற எழுத்தின் முன்னால் கைகட்டி நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு எக்செல் கோப்பு வைத்திருக்கிறோம். வாட்சாப் குழுவில் வருகிற லேபல் படங்களிலிருந்து வளர்கிறது. இன்னும் இருநூறு வரியைத் தாண்டவில்லை. மலாய், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து கிடக்கும், எழுத்துப் பிழை ஏராளம். முதல் பத்தியின் தலைப்பு 'பார்த்தா எப்படி இருக்கும்'. எண், நிறுவனம், மாற்று எல்லாம் அதற்குப் பிறகுதான். போன வாரம் சார்ஜ்மேன் அண்ணன் குரல் செய்தியாக அனுப்பியதை அப்படியே தட்டி வைத்திருக்கிறேன்: "சாம்பல் கலர் டப்பா, ஓரத்துல ஒரு பட்டன், அமுக்கிப் பிடிச்சா கையாலயே திருப்பலாம். வயர் மூனு. டைப் 2 சென்சாரோட மட்டும்தான் சேத்து வச்சிருக்கான், டைப் 3 போட்டுத் தொலைச்சிராதீங்க."